போ ஐயா

தோட்டத்தில் உத்தியோகம் பார்த்தவரை ஐயா என்றுதான் கூப்பிட வேண்டும். கிளாக்கர் ஐயா, டீமேக்கர் ஐயா, டிஸ்பென்சர் ஐயா. கழுத்தில் போ டை கட்டிக்கொண்டு வருகிறவரை? போ ஐயா. சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், வில்லங்கம் புரியும். ஹல்துமுல்லை ரோட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் "போ ஐயா!" என்று கத்தும்போது அது மரியாதையா, விரட்டலா என்று அவருக்கே நிச்சயமில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று தலையாட்டி வைப்பார்.

ஊருக்கு ஒருவராவது இப்படி இருப்பார். கொழும்பில் என்றால் வக்கீலாகவோ டாக்டராகவோ இருப்பார். மலையில் அநேகமாக ரிட்டயரான டீமேக்கர்.

ஏன் எல்லாரையும் போல நீட்டு டை கட்டக் கூடாது என்று கேட்டால், கேட்கிற ஆளுக்குத் தக்கபடி பதில் மாறும். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் கேட்டால் காற்று. இது பொய்யில்லை. ஆனி ஆடியில் பெரகலைச் சந்தியில் இறங்கி நின்று பாருங்கள். டை முதலில் தோளுக்குப் போகும், அப்புறம் மூஞ்சிக்கு வரும். பேக்டரிக்குப் புதிதாக வந்த பொடியன் கேட்டால் ரோலர். "கொழுந்து அரைக்கிற மெசின் கிட்ட நீட்டு டையோட குனிஞ்சின்னா, கொழுந்தோட சேத்து ஒன்னயும் அரைச்சிரும்டா தம்பி." ருசி பார்க்கக் குனிந்தால் டை கோப்பைக்குள் தோயும், அப்புறம் டீக்கு மார்க் போடுவதா டைக்கா என்பார்.

ஆள் கொஞ்சம் படித்தவராகத் தெரிந்தால் லிப்டன் வந்துவிடுவார். கிளாஸ்கோவில் மளிகைக்கடை வைத்து, 1890இல் இங்கே வந்து அப்புத்தளைப் பக்கம் தம்பேத்தன்னவை வாங்கிய அதே தாமஸ் லிப்டன். படங்களில் அவர் கழுத்தில் பார்த்திருப்பீர்கள், புள்ளி போட்ட போ. அமெரிக்கக் கோப்பைப் படகுப் பந்தயத்துக்கு 1899 முதல் 1930 வரை ஐந்து தரம் போனார், ஐந்து தரமும் தோற்றார். "தோத்த மனுசன் போவக் கழட்டுனாரா?" என்று நம்மிடம் கேட்பார் ஐயா, ஏதோ நாம் கழற்றச் சொன்னது போல.

சொல்லாத காரணம் ஒன்று உண்டு என்பது என் சந்தேகம். அந்தக் காலத்துப் பெரிய கங்காணிமாரின் படம் பார்த்திருக்கிறீர்களா? தலைப்பாகை, கோட்டு, காலில் ஒன்றுமில்லை. ஐயாவின் தாத்தா அப்படி ஒரு படத்தில் நிற்கிறார். கோட்டுக்கு மேலே கழுத்து வெறுமையாக இருக்கிறது.

அது இருக்கட்டும். போவில் ஒரு சங்கடம், கட்டியவனால் அதைப் பார்க்க முடியாது. நீட்டு டையைக் குனிந்து பார்த்துக்கொள்ளலாம். போவுக்குக் கண்ணாடி வேண்டும். நிற்கிற ஆட்டோ ஒன்றையும் ஐயா விடமாட்டார், பக்கக் கண்ணாடியில் குனிந்து ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் நகர்வார். அதைவிட வசதி பேக்கரியின் கண்ணாடி அலுமாரி. அவர் கழுத்தைப் பார்க்கிறார். முதலாளிக்கு அவர் ரோல்ஸைப் பார்க்கிறார் என்று தோன்றுகிறது. "எத்தன ஐயா, ரெண்டா?" இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டு வாங்கித் தின்ற வகையில் அவருக்குக் கொலஸ்ட்ரோல் ஏறியதற்கும் இந்தப் போவே பொறுப்பு.

கொக்கி வைத்த ரெடிமேட் போவை அவர் போவென்றே ஒத்துக்கொள்வதில்லை. "சப்பாத்துக்கு லேஸ் கட்டத் தெரிஞ்சவனுக்கு போ கட்டத் தெரியும். அதே முடிச்சுதான். எடந்தான் வேற." பண்டாரவளையில் ஒரு கலியாணம். ஹோட்டல் பொடியன்கள் எல்லாருக்கும் கறுப்புப் போ. மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் ஐயாவைப் பார்த்து விரலை ஆட்டி, "தம்பி, ஒரு நெக்டோ" என்றார். மேசையில் இருந்த எங்களுக்கு உயிர் போய்விட்டது. ஐயா எழுந்து போய், கிளாசில் ஐஸ் போட்டு, தட்டில் வைத்துக் கொண்டுவந்தே கொடுத்தார். திரும்பும் வழியெல்லாம் புலம்பல். வேலைக்காரன் என்று நினைத்ததற்கா? அதெல்லாம் இல்லை. "அவனுகளோடது கொக்கி. நான் கட்டியிருக்கிறது முடிச்சு. இந்த வித்தியாசம் தெரியாத ஆளு வீட்டுக்கா நம்ம புள்ளயக் குடுத்தோம்?"

நீங்கள் அந்தப் பக்கம் போய் அவரைக் கண்டால், சும்மா கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள். "ஐயா, போ கொஞ்சம் சாஞ்சிருக்கு" என்று மட்டும் வாய் தவறிச் சொல்லிவிடாதீர்கள். சாய்ந்திருப்பதுதான் கையால் கட்டியதற்கு அத்தாட்சி என்று அவிழ்த்துக் காட்டுவார். பிறகு முதலிலிருந்து கட்டுவார். பதுளை பஸ் போய்விடும்.