அதிபர் கதிரையை விட்டுத் துறவியாவது எப்படி?

முதலில் நல்ல உத்தியோகம் ஒன்று தேடிக்கொள்ளுங்கள். கையில் ஒன்றுமில்லாதவன் துறந்தால் ஊர் அதைத் துறவு என்று சொல்லாது. வேலை கிடைக்காமல் போய்ச் சேர்ந்தான் என்றுதான் சொல்லும். காரைதீவு மயில்வாகனனார் இதில் எந்தக் குறையும் வைக்கவில்லை. 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர், 1920இல் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி, பிறகு மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபர். இவ்வளவையும் சேர்த்து வைத்துக்கொண்டு, 1922இல், முப்பது வயதில், சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் போய்ப் புதிதாகச் சேர்ந்தார். சுவாமி விபுலாநந்தர் என்று நாம் கும்பிடுவது அவரைத்தான்.

அடுத்தது வீட்டில் சொல்வது. மட்டக்களப்புப் பக்கத்து ஆம்பிளைகளுக்கு இதில் ஒரு வசதி உண்டு. இங்கே வீடும் வளவும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போய்விடும். கலியாணம் கட்டாதவனுக்குத் துறக்க வீடே கிடையாது. "வீட்டைத் துறந்தேன்" என்று நீங்கள் அறிவித்தால் முதலில் சிரிப்பவர் தங்கச்சி புருஷனாக இருப்பார். அம்மா மட்டும் கேட்பார்: "மனே, பென்சனுக்கு இன்னும் எத்தின வருசம் கிடக்கு?" உபநிடதங்களில் இதற்குப் பதில் இல்லை.

பெயர் விஷயத்தில் அவசரம் கூடாது. வெள்ளை வேட்டி பிரமசாரியாக மயில்வாகனனார் பிரபோத சைதன்யர் ஆனார். அந்தப் பெயர் நாக்கில் படிவதற்குள், 1924இல், சித்திரைப் பௌர்ணமியில் சுவாமி சிவானந்தர் காவி கொடுத்து விபுலாநந்தர் ஆக்கினார். இரண்டே வருஷம்! எல்லோருக்கும் அப்படி நடக்காது. இன்று சேர்கிறவர் காவிக்குப் பல வருஷம் காத்திருக்க வேண்டும். பழைய விசிட்டிங் கார்டை வீசுங்கள், புதியதை அச்சடிக்கக் கொடுக்காதீர்கள்.

உண்மையான சோதனை தியானத்தில் இல்லை, சமையற்கட்டில் இருக்கிறது. மடத்தில் முந்திச் சேர்ந்தவரே மூத்தவர். பட்டமும் வயதும் கணக்கில் வராது. உங்களிடம் படித்து, இரசாயனவியலில் தவறிப்போன பொடியன் ஆறு மாதம் முந்தி வந்திருந்தால் இப்போது அவர் உங்களுக்கு அண்ணன். நீங்கள் பூசணிக்காய் வெட்டுவதைப் பார்த்து, "துண்டு பெரிசு" என்பார். "நான் அதிபராக இருந்தபோது..." என்று வாய் திறக்காதீர்கள். அந்த வசனத்தை முடித்த புதியவர் எவரும் அடுத்த முறை பூசணிக்காயோடு தப்பியதில்லை, பலாக்காய் கொடுப்பார்கள். கையில் பால் ஒட்டும்.

இனி, பள்ளிக்கூடத் தொல்லை தாங்காமல்தான் துறவுக்குப் போகிறீர்கள் என்றால், தயவுசெய்து வேறு வழி பாருங்கள். விபுலாநந்தர் விட்டது ஒரு பள்ளிக்கூடம். 1925இல் இலங்கைக்குத் திரும்பியதும் இராமகிருஷ்ண மிஷன் அவர் தலையில் கட்டியது பல பள்ளிக்கூடங்கள். அது போதாதென்று 1929இல் கல்லடி உப்போடையில் குருவின் பெயரில் சிவானந்த வித்தியாலயத்தைத் தாமே தொடங்கினார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தமிழ்ப் பேராசிரியராக்கியது. 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகம் அதையே செய்தது. சரி, இமயமலைக்காவது ஓடலாம் என்கிறீர்களா? அவர் அங்கும் போனார். 1939இல் மாயாவதி ஆசிரமத்தில் அவருக்குக் கிடைத்தது குகை அல்ல, 'பிரபுத்த பாரதம்' என்ற ஆங்கிலப் பத்திரிகையின் ஆசிரியர் வேலை.

கிறிஸ்தவ ஊழியத்துக்குப் போகிறவர்கள் தப்பலாம் என்று நினைக்க வேண்டாம். 1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட், மனைவியைக் கப்பற் பயணத்திலேயே பறிகொடுத்து, தனியாக வந்து மட்டக்களப்புப் புளியந்தீவில் இறங்கினார். தமிழை அரிச்சுவடியிலிருந்து படித்தார், பள்ளிக்கூடம் திறந்தார், அடுத்த ஆண்டே இறந்துபோனார். இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி அவர் தொடக்கியது. ஆத்துமாக்களைத் தேடி அமெரிக்காவிலிருந்து வந்த யேசு சபைக் குரு வெபர் அடிகளாரைப் பொடியன்கள் கூடைப்பந்தோடு பிடித்துக்கொண்டார்கள்; அவர் பெயரில் இருப்பது மைதானம். மட்டக்களப்பில் எந்தச் சாமி வந்தாலும், ஊர் முதலில் கேட்பது "பிள்ளையளுக்கு என்ன படிப்பிப்பீங்க?" என்பதுதான். கேட்பதில் பிழையும் இல்லை.

பதவியை வாசலில் விடுங்கள், படித்ததை விடாதீர்கள். விபுலாநந்தர் காவி கட்டியபோது பௌதிகத்தையும் கணிதத்தையும் மூட்டை கட்டிப் பரணில் போட்டிருந்தால், வழக்கொழிந்துபோன யாழின் நரம்புகளுக்குச் சுருதி கணக்கிட ஆள் இருந்திருக்காது. பல வருஷம் இதிலே கிடந்து அவர் எழுதிய 'யாழ் நூல்' 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் தேதி அவர் காலமானார்.

இவ்வளவையும் படித்த பிறகும் இராஜினாமாக் கடிதம் எழுதத்தான் போகிறீர்கள் என்றால், ஆய்வுகூடச் சாவியையும் கணக்குப் புத்தகத்தையும் ஒழுங்காக ஒப்படைத்துவிட்டுப் போங்கள். கல்லடிப் பக்கம் வந்தால் விபுலாநந்தரின் சமாதியையும் ஒருமுறை பாருங்கள். அது இருப்பது சிவானந்த வித்தியாலய வளவில்.