அம்புக்குறி இல்லாத ஊர்

கே: ‘ஆர்.பி.ஜி.’ என்கிறார்களே, மற்ற கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?
– கல்லூரி மாணவர், ரெட்டியார்சத்திரம்

ப: மற்றவற்றில் உங்கள் விரல் தேறும். ஆர்.பி.ஜி. என்ற ‘ரோல் பிளேயிங் கேமில்’ நீங்கள் ஏற்ற பாத்திரம் தேறும். யாராக இருப்பது, யாரோடு சேர்வது, யாரிடம் என்ன சொல்வது என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டும். கதை அதற்குத் தக்கபடி திரும்பும். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கி வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’தான் இதற்கெல்லாம் தாய். அதற்குக் கணினியே வேண்டாம். பகடை, பென்சில், காகிதம், நாலு நண்பர்கள், கதையை நடத்த ஒருவர் போதும். அந்த ஒருவரின் வேலையைக் கணினி எடுத்துக்கொண்டபோது பிறந்தது கம்ப்யூட்டர் ஆர்.பி.ஜி.

கே: புது கேம்களில் படம் கண்ணைப் பறிக்கிறது. ஆனால் சாகசம் செய்த உணர்வு மட்டும் வரவில்லை. ஏன்?
– காய்கறி மார்க்கெட் ஊழியர், ஒட்டன்சத்திரம்

ப: அம்புக்குறியால்.

2002-ல் பெதெஸ்டா நிறுவனம் வெளியிட்ட ‘மாரோவிண்ட்’ ஆடிப் பாருங்கள். கைதியாகக் கப்பலில் வந்து, முன்பின் தெரியாத ஒரு தீவில் இறங்குகிறீர்கள். கையில் ஒரு பொட்டலம். பால்மோரா என்ற ஊரில் இருக்கும் ஒருவரிடம் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான். போக வேண்டிய இடத்துக்குத் திரையில் எந்த அடையாளமும் கிடையாது. எதிரே வருகிறவர்களிடம் வழி கேட்க வேண்டும். “ஆற்றோரமாகவே வடக்கே போ, பாலம் தாண்டி இடது பக்கம் திரும்பு” என்கிற மாதிரி சொல்வார்கள். உங்கள் ஊரில் “மார்க்கெட்டைத் தாண்டுனா ஒரு வேப்பமரம் வரும், அதுல ஒடிச்சுப் போங்க” என்கிறார்களே, அதே தோரணை. சில பேர் சொல்கிற வழி குழப்பும். தொலைந்து போவீர்கள். தொலைந்த இடத்தில் யாரும் சொல்லாத ஒரு குகை வாசல் இருக்கும். உள்ளே நுழையலாமா, ஓடிவிடலாமா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். நீங்கள் கேட்கிற சாகசம் அங்கேதான் இருக்கிறது.

அதே நிறுவனம் 2006-ல் ‘ஒப்ளிவியன்’ வெளியிட்டபோது திசைகாட்டியில் குறி வைத்துவிட்டது. குறியைப் பார்த்தபடி நடந்தால் போதும். யாரையும் கேட்க வேண்டாம், எதையும் கவனிக்க வேண்டாம். பின்னால் வந்த பெரிய கேம்களில் பெரும்பாலானவை அதையே பின்பற்றின. அழகான காடுமேடெல்லாம் வரைந்து வைத்து, அதைப் பார்க்காமலே கடந்து போக வழியும் செய்து கொடுத்திருக்கிறார்கள். குறியை அணைக்கும் வசதி உங்கள் கேமில் இருந்தால் முதல் வேலையாக அணையுங்கள்.

கே: எடுத்ததுமே ‘உலகத்தைக் காப்பாற்று’ என்கிறார்கள். அலுத்துவிட்டது. வேறு கதையே கிடையாதா?
– வாசகி, வேடசந்தூர்

ப: தண்ணீர் தேடுகிற கதை ஒன்று உண்டு. 1997-ல் வந்த ‘ஃபால்அவுட்’. அணுப்போருக்குப் பிறகு நிலத்தடியில் ஒளிந்து வாழும் ஒரு கூட்டம். அவர்களுடைய தண்ணீர் சுத்திகரிப்பு எந்திரத்தில் ஒரு சில்லு பழுது. மாற்றுச் சில்லு கொண்டுவர உங்களை வெளியே அனுப்புகிறார்கள். கெடு 150 நாள். வழியில் ஓர் ஊரில் தண்ணீர் வியாபாரிகள் இருப்பார்கள். காசு கொடுத்தால் உங்கள் ஆட்களுக்குத் தண்ணீர் அனுப்புவார்கள். கெடு 100 நாள் நீளும். ஆனால் அந்த வண்டித் தடத்தை வைத்தே எதிரிகள் ஒளிவிடத்தைக் கண்டுபிடிக்கும் ஆபத்தும் சேர்ந்து கூடும். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருந்த நம் திண்டுக்கல் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தக் கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை. கிட்டத்தட்ட முப்பது வருஷத்துக்கு முன்பே, ஒரு கேமின் பதைப்பை வாளிலோ துப்பாக்கியிலோ வைக்காமல் குடிதண்ணீரில் வைத்தார்களே, அவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

கே: என் மகன் கேமில் ஒரு கம்பியை விட்டு எல்லாப் பூட்டையும் திறந்துவிடுகிறான். காலமெல்லாம் பூட்டுத் தொழில் செய்கிறவன் நான். நடக்கிற காரியமா?
– பூட்டுத் தொழிலாளி, நாகல் நகர்

ப: அவன் திறப்பது உங்கள் பூட்டை இல்லை, ஐயா. ‘ஒப்ளிவியன்’ காட்டுகிற பூட்டுக்குள் ஸ்பிரிங் வைத்த ஊசிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றாகத் தட்டி மேலே நிறுத்தினால் திறக்கும். 2011-ல் வந்த ‘ஸ்கைரிம்’ இன்னும் எளிது. கம்பியைச் சுற்றிச் சரியான கோணத்தைத் தேடினால் போதும். உங்கள் பூட்டு அப்படி வேலை செய்யாது. நீங்கள் செய்வது லீவர் பூட்டு. உள்ளே இருக்கும் லீவர் ஒவ்வொன்றும் தனக்கு உரிய உயரத்துக்குத் தூக்கப்பட வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் நாக்கு நகராது. அத்தனையையும் ஒரே நேரத்தில் தாங்கிப் பிடித்து நாக்கையும் தள்ள ஒற்றைக் கம்பிக்கு வலு கிடையாது.

கேம் செய்கிறவர்கள் உங்கள் பட்டறைக்கு வந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. சாவியைத் திருப்பினால் மணியடிக்கிற பூட்டு திண்டுக்கல்லில் செய்தார்களே, அது ஒன்று போதும், ஒரு முழுக் காட்சி கிடைத்துவிடும்: இருட்டு, திருடன், பூட்டு, மணி, விழித்துக்கொள்ளும் காவலாளி. மாங்காய் பூட்டின் வடிவத்தை எந்தக் கற்பனைப் பொக்கிஷப் பெட்டியில் மாட்டினாலும் பெட்டிக்குத்தான் பெருமை. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கற்றுக்கொள்ள வரும் இளைஞர்கள்தான் குறைந்துகொண்டே போகிறார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பூட்டைப் பிரித்து மகன் முன்னால் வையுங்கள். பூட்டுத் திறக்கும் ஆர்வம் அவனிடம் ஏற்கெனவே இருக்கிறது. இனி நீங்கள் காட்ட வேண்டியதுதான் பாக்கி.

கே: தப்பான முடிவு எடுத்துவிட்டால் பழைய சேவுக்குத் திரும்பிவிடுகிறேன். சரியா?
– பாலிடெக்னிக் மாணவர், நத்தம்

ப: கரண்ட் போகும் என்று சேவ் செய்யுங்கள். மனம் மாறிவிட்டது என்று திரும்பாதீர்கள். நீங்கள் கைவிட்ட நண்பன் கைவிடப்பட்டவனாகவே இருக்கட்டும். பத்து மணி நேரம் கழித்து அவன் எதிரே வந்து நிற்கும்போது அந்த விளையாட்டு உங்களுக்கு மட்டுமே சொந்தமான கதையாகிவிடும்.

கே: நம் இலக்கியத்தில் ஆர்.பி.ஜி. நாயகன் யார்?
– தமிழாசிரியை, வத்தலக்குண்டு

ப: சந்தேகமே வேண்டாம், வந்தியத்தேவன். கல்கி 1950-ல் தொடங்கிய தொடரில் அவனுக்குக் கொடுக்கப்பட்ட வேலை இரண்டு ஓலைகளைச் சேர்ப்பது. வழியில் கடம்பூரில் ஒரு ராத்திரி தங்குகிறான். கேட்கக் கூடாததைக் கேட்கிறான். அங்கிருந்து கதை எங்கெங்கோ கிளை விடுகிறது. ‘மாரோவிண்ட்’ பொட்டலமும் இந்த ஓலைகளும் ஒரே வம்சம். பேச்சுத் தேர்வுக்கு உதாரணம் வேண்டுமானால் விக்கிரமாதித்தனைப் பிடியுங்கள். விடை தெரிந்தும் பேசாவிட்டால் தலை சிதறும், பேசினால் வேதாளம் முருங்கை மரம் ஏறும். இதைவிடக் கடினமான தேர்வை எந்தக் கேமும் எனக்கு வைத்ததில்லை.

கே: பையன் ராத்திரியெல்லாம் கேம் ஆடுகிறான். ஆன்லைன் ரம்மியில் பணம் போனவர்களைப் பற்றிப் படித்துப் பயமாக இருக்கிறது. இதுவும் அதுவும் ஒன்றா?
– ஒரு தாய், சின்னாளபட்டி

ப: ஒன்றில்லை, அம்மா. ரம்மி போலப் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. உங்கள் மகன் ஆடுவது கதை விளையாட்டு என்றால், ஒருமுறை விலை கொடுத்து வாங்கியதோடு முடிந்தது. ஆனாலும் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ‘கென்ஷின் இம்பாக்ட்’ போன்ற சில கேம்கள் இலவசமாகக் கிடைக்கும். பிடித்த பாத்திரம் கிடைக்குமா கிடைக்காதா என்று குலுக்கல் போட்டுக் காசு கேட்கும். அந்த மாதிரி கேம் இருக்கிற போனில் உங்கள் வங்கிக் கணக்கை இணைக்காதீர்கள். அடுத்தது வயது. ‘விட்சர் 3’, ‘பால்டர்ஸ் கேட் 3’ இரண்டும் மிகச் சிறந்தவை. இரண்டுமே 18 வயதானவர்களுக்கு உரியவை.

விளையாட்டு அடிமைத்தனத்தை நோயாக ஏற்ற உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கட்டுப்பாடு போய்விடுவது, மற்ற வேலையெல்லாம் பின்னுக்குப் போவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது, இதெல்லாம் பெரும்பாலும் ஒரு வருஷமாவது நீடிப்பது என்று அடையாளம் சொல்கிறது. அப்படி இருந்தால் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். வெறும் ராத்திரி விழிப்பு என்றால், பக்கத்தில் ஒரு நாள் உட்கார்ந்து “இவன் யாரு, எதுக்குச் சண்டை போடுறான்?” என்று கேளுங்கள். மகன் சொல்லத் தொடங்கினால் நிறுத்த மாட்டான். தூங்கும் நேரத்தைப் பற்றிய பேச்சை அதற்குப் பிறகு எடுங்கள்.

கே: வில்லனே இல்லாத ஆர்.பி.ஜி. உண்டா?
– வாசகர், காந்திகிராமம்

ப: காந்திகிராமத்திலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. 1985-ல் ரிச்சர்ட் கேரியட் செய்த ‘அல்டிமா 4’. சண்டை உண்டு, ஆனால் வீழ்த்த வேண்டிய தலைமை அரக்கன் கிடையாது. நேர்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்ற எட்டிலும் நீங்கள் தேற வேண்டும், அதுதான் பயணம். பார்வையில்லாத ஒரு கடைக்காரர் இருப்பார். எவ்வளவு காசு வைக்கிறீர்கள் என்று அவரால் பார்க்க முடியாது. குறைத்து வைத்தால் யாரும் தட்டிக் கேட்க மாட்டார்கள். கேம் மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளும்.

கே: பழைய லேப்டாப், காசும் இல்லை. எதை ஆடலாம்?
– வேலை தேடும் பட்டதாரி, நிலக்கோட்டை

ப: மேலே சொன்ன ‘அல்டிமா 4’ ஜி.ஓ.ஜி. தளத்தில் இலவசம். 1996-ல் வந்த ‘டாகர்ஃபால்’ கேமை பெதெஸ்டாவே 2009-லிருந்து இலவசமாகத் தருகிறது. அதன் நிலப்பரப்பைச் சுற்றி முடிக்க ஆயுள் போதாது. ‘ஃபால்அவுட்’ முதல் பாகம் உங்கள் லேப்டாப்பில் தாராளமாக ஓடும், தள்ளுபடி நாளில் வாங்குங்கள். திருட்டு நகல் வேண்டாம்.

கே: திண்டுக்கல் மலைக்கோட்டையை வைத்து ஒரு கேம் செய்தால் எடுபடுமா?
– வாசகர், பேகம்பூர்

ப: எடுபடும். காரணத்தோடு சொல்கிறேன். 2017-ல் நிண்டெண்டோ வெளியிட்ட ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’ கேமை இயக்கிய ஹிதேமாரோ ஃபுஜிபயாஷி, தனக்குப் பழக்கமான கியோட்டோ நகர வரைபடத்தை எடுத்துக் கேம் உலகத்தின் மேல் வைத்துத் தூரங்களைக் கணக்கிட்டார். இங்கிருந்து அங்கே நடக்க எவ்வளவு நேரம், நடுவில் என்ன வரும் என்பது அவர் காலுக்கே தெரியும். அந்தக் குழு இன்னொரு உத்தியும் சொன்னது: நிலத்தில் முக்கோண வடிவ மேடுகளை வை. எதிரே மேடு வந்தால் ஏறுவதா, சுற்றிப் போவதா என்று ஆடுகிறவர் யோசிப்பார். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்ற ஆவலும் எழும்.

இப்போது நம் ஊரைப் பாருங்கள். சமவெளி நடுவே மொட்டைப் பாறை. பஸ்ஸில் வருகிறவர் கண்ணில் ஊருக்கு முன்னால் அதுதான் படும். மேலே ஏறினால் ஒரு பக்கம் சிறுமலை, மறுபக்கம் பழனி மலைத்தொடர், நடுவே குளங்களும் தோட்டங்களும். பார்த்த இடத்துக்கெல்லாம் போகலாம். உச்சியில் மூலவர் இல்லாத கோயில், கீழே வெடிமருந்து வைத்த அறைகள். கேம் வடிவமைக்கிறவர் வரைந்து வைத்தாற்போல இருக்கிறது.

கதையும் தேட வேண்டாம். 1605-ல் மதுரை நாயக்க மன்னர் முத்துக்கிருஷ்ணப்பர் கட்டிய கோட்டை இது; 1755-ல் ஹைதர் அலி இங்கே பொறுப்பேற்றார். 1772-ல் காளையார்கோவிலில் கணவரைப் பறிகொடுத்த வேலு நாச்சியார் இந்தப் பக்கம்தான் வந்தார். விருப்பாச்சி பாளையக்காரர் கோபால் நாயக்கர் ஆதரவு தந்தார். ஹைதரிடம் நாச்சியார் உருதுவிலேயே பேசி உதவி கேட்டார் என்று சொல்வார்கள். எட்டு வருஷம் ஆள் சேர்த்து, நம்பிக்கை சேர்த்து, 1780-ல் சிவகங்கையை மீட்டார். ஆர்.பி.ஜி.யின் எலும்பே ஆள் சேர்ப்பதுதான். நாச்சியாரை ஆட வைக்காதீர்கள்; அவருடைய ஓலையைச் சுமக்கும் ஒரு சாதாரணப் பெண்ணை ஆட வையுங்கள். விருப்பாச்சியிலிருந்து திண்டுக்கல்லுக்கு அவள் தனியே வர வேண்டும். எந்தச் சாவடியில் தங்குவது, யாரிடம் உண்மையைச் சொல்வது? அம்புக்குறி மட்டும் வேண்டவே வேண்டாம்.

கே: நம்மவர்கள் யாராவது செய்திருக்கிறார்களா? எனக்கும் செய்ய ஆசை. வரையத் தெரியாது.
– பதினொன்றாம் வகுப்பு மாணவி, பழனி

ப: செய்திருக்கிறார்கள், பாப்பா. 2014-ல் பைரோடாக்டைல் என்ற இந்திய நிறுவனத்தின் ‘அன்ரெஸ்ட்’ வந்தது. பஞ்சத்தில் தவிக்கும் ஒரு பழங்கால இந்திய நகரம். அதில் ஒரு குடியானவப் பெண்ணாகவும் இளவரசியாகவும் மாறி மாறி ஆட வேண்டும். வாளைவிடப் பேச்சுக்குத்தான் அதிக வேலை. 2020-ல் புனேயிலிருந்து ‘ராஜி’ வந்தது, அது அடிதடி சாகசம். 2023-ல் டொராண்டோவிலிருந்து ‘வெண்பா’: கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம், அழிந்துபோன சமையல் குறிப்புகள். ஆர்.பி.ஜி. இல்லை, ஆனால் இட்லி அவிப்பதைக் கூடக் கண்டுபிடிப்பாக மாற்றியது. 2024-ல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது வாங்கியது. தமிழ் மண்ணில் நடக்கிற பெரிய ஆர்.பி.ஜி.க்கான இடம் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது.

வரையத் தெரியாதது குறையே இல்லை. 1970-களின் நடுவில் வில் குரௌதர் என்ற நிரலாளர், கென்டக்கியில் தான் ஊர்ந்து திரிந்த நிஜக் குகையை வைத்துத் தன் மகள்களுக்காக ஒரு விளையாட்டு எழுதினார். படமே கிடையாது, வெறும் எழுத்து. சாகச விளையாட்டுகள் எல்லாவற்றுக்கும் அது முன்னோடி. நீயும் எழுத்தில் தொடங்கு. ‘ட்வைன்’ என்ற இலவச மென்பொருளுக்கு நிரல் எழுதத் தெரிய வேண்டாம். தமிழிலேயே தட்டச்சு செய்யலாம். படத்தோடு செய்யும் காலம் வரும்போது ‘கோடோ’ நான்காம் பதிப்பை எடுத்துக்கொள்; சில எஞ்சின்களில் ‘கொ’வும் ‘கோ’வும் பிய்ந்து போகும், இதில் தமிழ் ஒழுங்காக நிற்கும்.

பழனி மலையடிவாரத்தைப் பத்து இடங்களாகப் பிரித்துக்கொள். ஒவ்வொன்றிலும் ஒரு மனிதர், ஒரு ரகசியம், இரண்டு வழி எழுது. முடிந்ததும் இந்தப் பகுதிக்கு அனுப்பு. ஆடிப் பார்த்துவிட்டு, எங்கே தொலைந்து போனேன் என்று பதில் எழுதுகிறேன்.