நடமாடும் மீட்டர்

சென்னையில் அடுக்ககம் என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு செயலாளரும் இருப்பார். வங்கியிலோ ரயில்வேயிலோ பணியாற்றி ஓய்வுபெற்றவர். காலையில் பேப்பர் வந்ததும் முதலில் ஏரிகளின் நீர்மட்டத்தைத்தான் படிப்பார். மனைவியின் செல்போன் எண்ணைக் கேட்டால் போனைத் தேடுவார். செம்பரம்பாக்கத்தின் கொள்ளளவைக் கேட்டால் 3,645 மில்லியன் கன அடி என்று தூக்கத்திலும் சொல்வார்.

அடுத்த வேலை, சம்ப் மூடியைத் திறந்து மூங்கில் கம்பை விட்டுப் பார்ப்பது. “நேத்து ராத்திரிதானே ரெண்டு லோடு இறக்கினோம்? 24,000 லிட்டர்! யாருப்பா குடிச்சது?” தான் குடிக்கவில்லை என்பதற்கு அடையாளமாக வாட்ச்மேன் நாலடி தள்ளி நிற்பார்.

மாதக் கடைசியில் மெயின்டனன்ஸ் பில்லைப் பார்த்து எல்லா மாடியும் அலறும். குடிநீர் வாரியக் கட்டணம் சாது. பெரும்பாலான வீடுகளுக்கு மீட்டரே இல்லாததால், எவ்வளவு பிடித்தாலும் ஒரே தொகைதான். கடிப்பது லாரிக் காசு. அதைப் பங்கு போடக் கட்டடத்துக்குள்ளும் அளவு கிடையாது. ஆகவே செயலாளரே மீட்டராகிவிடுகிறார். இரண்டாம் மாடிக்கு மதுரையிலிருந்து விருந்தாளி வந்தால், “வாங்க” என்ற கையோடு “எத்தனை நாள் இருப்பீங்க?” என்பார். மொட்டைமாடிக் கொடியில் காயும் பெட்ஷீட்டை எண்ணியே, எந்த வீட்டில் எத்தனை லிட்டர் செலவு என்று சொல்லிவிடுவார்.

வெறும் சந்தேகப் பிராணி என்று அவரைத் தள்ளிவிடவும் முடியாது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சொட்டுநீலப் புட்டி இருக்கும். ஃப்ளஷ் டேங்கில் நாலு சொட்டு விட்டுவிட்டு, “அரைமணி நேரம் யாரும் உள்ளே போகக்கூடாது” என்று கழிவறை வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார். கோப்பையில் நீலம் தெரிந்தால் வால்வு கசிகிறது என்று பொருள். சத்தமில்லாமல் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் அந்த வழியாகப் போய்விடும். காத்திருக்கும் நேரத்தில், 2019 கோடையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வரலாற்றை விரிவாகச் சொல்வார். உள்ளே போயே ஆகவேண்டிய வீட்டுக்காரர் காலை மாற்றி மாற்றி நின்றபடி கேட்பார்.

“வீட்டுக்கு வீடு மீட்டர் போடுவோம்” என்று பொதுக்குழுவில் சொன்னால் பலத்த கைதட்டல். சிக்கனக்காரர் தான் ஒருவர்தான் என்பது எல்லாருடைய நம்பிக்கை. பழைய கட்டடத்தில் சமையலறைக்கு ஒன்று, குளியலறைக்கு ஒன்று என்று குழாய்கள் தனித்தனியே இறங்குவதால், ஒரு வீட்டுக்கே மூன்று நான்கு மீட்டர் வேண்டும் என்பார் பிளம்பர். கைதட்டல் அடங்கும். தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குப் போகும்.

கார்த்திகையில் அடைமழை பிடித்துக் கார் நிறுத்துமிடத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றால், இறைக்கும் மோட்டாருக்கு வாடகை வசூலிக்க மறுபடி படியேறுவார். “எங்க மாடிக்குத்தான் தண்ணியே வரலையே, நாங்க எதுக்கு சார் தரணும்?” என்பார் மூன்றாம் மாடிக்காரர்.

“மே மாசமும் இதையேதான் சொன்னீங்க!” என்றபடி செயலாளர் ரசீது கிழிப்பார்.