எத்தனை அடி? ஆழம் தேடிப் புறப்படுவோர் குறித்து ஓர் ஆய்வு

பனிச்சறுக்குப் பழகிய மேல்நாட்டாருக்கு ஒரு நோய் உண்டு. உள்ளூர் மலையில் முழங்காலளவு பனி கிடக்கும். ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் இடுப்பளவு கொட்டியிருக்கிறது என்று காதில் விழுந்துவிட்டால் அது பிடிக்காமல் போய்விடும். உடனே விமானம் ஏறிவிடுவார்கள். இதே நோய் தஞ்சாவூர்ச் சீமையிலும் தலைமுறை தலைமுறையாக இருந்துவருவதை ஆய்வுலகம் கவனிக்கத் தவறிவிட்டது. இங்கே பனிக்குப் பதில் தண்ணீர், சென்டிமீட்டருக்குப் பதில் அடி. மற்றபடி வித்தியாசம் இல்லை என்பதே இக்கட்டுரையின் துணிபு.

நோய்க்குறிகளை ஆனி, ஆடி மாதங்களில் எந்த டீக்கடையிலும் காணலாம். நலம் விசாரிக்கும் முன்பே, "மேட்டூர் எத்தனை அடிண்ணே?" என்ற கேள்வி வரும். அணை நிரம்பினால் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. சொந்தப் பிள்ளையின் பிறந்த தேதியில் தடுமாறுகிறவரும் இந்த இரண்டில் தடுமாறுவதில்லை. தொண்ணூறு அடிவரை பேச்சு நிதானமாகப் போகும். நூறைத் தாண்டினால் கால் நிலைகொள்ளாது. நூற்றுப் பதினெட்டில், "மாப்ளே, வண்டியை எடு!" எங்கே என்று எவரும் கேட்பதில்லை. புளிசாதம் கட்டக்கூட அவகாசம் தராமல் கிளம்புவது குறித்து வீட்டுப் பெண்களிடம் வேறொரு கருத்து இருக்கிறது. அது இவ்வாய்வின் எல்லைக்குள் வராது.

நோய்க்குப் படிநிலைகள் உண்டு. திருவையாற்றுப் படித்துறையில் புதுத்தண்ணி பார்ப்பது தொடக்கநிலை. அங்கே கணுக்கால்தான் நனைகிறது என்றால் கல்லணை. நான்காகப் பிரிந்தபின் பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று அங்கே ஒருவர் சொல்வார், உடனே முக்கொம்பு. கொள்ளிடம் பிரியாத முழுக் காவிரியைப் பார்த்தபின் மனம் அடங்குமா? மேட்டூர்ப் பதினாறு கண் மதகு, ஒகேனக்கல் என்று வண்டி மேலே மேலே போகும்.

காரணம் வானிலையில் இருக்கிறது. சைபீரியக் குளிர்காற்று ஜப்பான் கடலின் ஈரத்தை வாரி ஹொக்கைடோ மலைகளில் பனியாகக் கொட்டுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் ஈரத்தைக் குடகு மலையில் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு நம் பக்கம் வருகிறது. ஆக, ஆழம் உற்பத்தியாவது இன்னொருவர் மலையில். பார்க்க வேண்டுமானால் போய்த்தான் ஆகவேண்டும்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். பனி கிடந்த இடத்தில் கிடக்கும். தேடிப் போவதில் நியாயம் உண்டு. தண்ணீர் அப்படியா? 2022இல் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12க்குக் காத்திராமல் மே 24ஆம் தேதியே திறக்கப்பட்டது. 27ஆம் தேதி கல்லணையும் திறந்தாயிற்று. மூன்றே நாள். வாசலுக்குத் தானாக வரப்போகும் மாப்பிள்ளையை 200 கிலோமீட்டர் எதிர்கொண்டு போய்ப் பார்ப்பானேன்? ஆட்சேபிப்பவர் கடைமடைக்காரராக இருக்க முடியாது. அங்கே மூன்று நாள் கணக்கு செல்லாது. மேட்டூரில் கண்ட நுரைக்கும் தன் வாய்க்காலில் வந்து சேரும் ஈரத்துக்கும் இடையே எத்தனை மதகு, எத்தனை முறைப்பாசனம், எத்தனை ஆகாயத்தாமரை! முழுசாக இருக்கும்போதே பார்த்துக்கொள்வதுதான் அவருக்குப் புத்திசாலித்தனம்.

ஆழம் தேடுவோர் அனைவரையும் கட்டுப்படுத்தும் விதி ஒன்றையும் இவ்வாய்வு கண்டறிந்துள்ளது: ஆழம் கூடக்கூட அனுமதி குறையும். குல்மார்க்கில் புதுப்பனி கனமாக விழுந்தால் பனிச்சரிவுக்குப் பயந்து மேல்சரிவுகளை மூடிவிடுவார்கள். ஒகேனக்கல்லில் நீர்வரத்து கூடினால் பரிசலுக்குத் தடை, அருவியில் குளிக்கத் தடை. ஆடிப்பெருக்கன்று ஆற்றில் இறங்க வேண்டாம் என்று ஒலிபெருக்கி கெஞ்சுவது, ஆற்றில் ஆள் முங்கத் தண்ணீர் ஓடும் வருஷங்களில்தான். மணல் மட்டும் கிடக்கிற வருஷங்களில் எங்கு வேண்டுமானாலும் இறங்கலாம்.

முற்றிய நிலையில் நோயாளி மாநில எல்லையைத் தாண்டுகிறார். மைசூரு தசராவுக்கு என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். கிருஷ்ணராஜசாகர் பிருந்தாவனத்தில் வண்ண விளக்கில் நீரூற்றுகள் ஆடும்; பிள்ளைகள் வாய்பிளந்து நிற்பார்கள். இவர் மட்டும் நுழைவுச்சீட்டு கிழிப்பவரிடம் நெருங்கி, கன்னடம் தெரியாத குறையை விரல்களால் ஈடுகட்டி, இன்றைக்கு எத்தனை அடி என்று கேட்டுக்கொண்டிருப்பார். அவர் சொன்ன எண்ணை அந்த அணையின் முழு அளவான 124.80இலிருந்து கழித்துவிட்டு, ஊருக்கு ஃபோன் போட்டு, நாற்றங்காலைத் தயார்பண்ணச் சொல்வார்.