எலுமிச்சைத்தோல் சார்

கல்யாணப் பந்தியில் எல்லோரும் பாயசம் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவர் மட்டும் சமையல்கட்டுப் பக்கம் போய் நிற்பார். "தம்பி, சாதத்துக்குப் பிழிஞ்ச எலுமிச்சம்பழத் தோலையெல்லாம் எங்க போட்டீங்க?" சமையல்காரர் சந்தேகத்தோடு மூலையில் இருக்கும் கூடையைக் காட்டுவார். சார் மடித்து வைத்திருந்த மஞ்சள் பையை உதறி விரிப்பார். கூட வந்த மனைவி மணமேடைப் பக்கம் திரும்பி, யாரோ எவரோ என்பதுபோல் நின்றுகொள்வார்.

அபார்ட்மென்ட் இருக்கும் ஊரிலெல்லாம் இப்படி ஒரு சார் இருக்கிறார். பெரும்பாலும் ஓய்வுபெற்றவர், வங்கியிலோ மின்வாரியக் கணக்குப் பிரிவிலோ ஆயுளைக் கழித்தவர். வேலையில் இருந்தவரை வீட்டுத் தரையை யார் துடைக்கிறார்கள், எதைக் கொண்டு துடைக்கிறார்கள் என்பதே தெரியாது. ஓய்வுபெற்ற முதல் மாதம் மளிகை பில்லை எடுத்து வைத்துக்கொண்டு ஆடிட் செய்தார். தரைக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, பாத்திரத்துக்கு ஒன்று, டாய்லெட்டுக்கு ஒன்று என்று கலர் கலராக பாட்டில்கள். "எங்க பாட்டி வெறும் சாம்பலை வெச்சே பத்துப் பேர் சாப்பிட்ட பாத்திரத்தைத் தேய்ச்சா" என்றார். வீட்டு அமைதி அன்றைக்குப் போனது.

பாட்டி விஷயத்தில் அவர் சொல்வது சரிதான். விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் என்ற காரம் உண்டு. காரம் எண்ணெய்ப் பிசுக்கை இளக்கும். சாம்பலின் நறநறப்பும் தேங்காய் நாரும் மிச்சத்தைச் சுரண்டிவிடும். என்ன, கேஸ் அடுப்பு சாம்பல் தராது. அதனால்தான் சார் தோலுக்கு வந்தார்.

அவர் வீட்டு பால்கனியில் துணி காயப்போட இடமில்லை. பழைய பெயின்ட் வாளி, தண்ணீர் கேன், கூல்டிரிங்க்ஸ் பாட்டில் எல்லாவற்றிலும் தோல் ஊறுகிறது. கணக்கு அவருக்கு மனப்பாடம்: வெல்லம் 1 பங்கு, தோல் 3 பங்கு, தண்ணீர் 10 பங்கு, மூன்று மாதம். இதற்கு 'பயோ என்சைம்' என்று பெயர். வெல்லத்தின் சர்க்கரை புளித்து முதலில் சாராயமாகி, அப்புறம் வினிகராகிறது. மூன்று மாதம் கழித்து வடிகட்டி எடுப்பதில் அழுக்கைப் போக்குவது பெரும்பாலும் அந்த அமிலம்தான். இதைச் சொன்னால் சாருக்குக் கோபம் வரும். பத்து லிட்டருக்கு ஒரு கிலோ வெல்லம் போகிறதே, அந்தக் காசுக்கு ஃபினைலே வாங்கியிருக்கலாமே என்று மனைவி சொன்னால் இன்னும் கோபம் வரும். கணக்குப் பிரிவில் இருந்தவரிடம் கணக்குக் கேட்கலாமா?

முதல் மாதம் முழுக்க தினமும் மூடியைத் திறந்து மூட வேண்டும். புளிக்கும்போது கார்பன் டை ஆக்சைடு கிளம்பும். சார் தவறாமல் செய்வார், மகள் வீட்டுக்கு பெங்களூரு போகிற வாரம் தவிர. அந்த வாரத்தில் கீழ்வீட்டுக்காரர் அசோசியேஷனுக்கு எழுதிய கடிதத்தில் 'வெடிச் சத்தம்' என்ற சொல் இருந்தது. பிளாஸ்டிக் கேனானால் உப்பிக் காட்டிக் கொடுக்கும். கண்ணாடி ஜாடி சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும்.

அவருடைய மேடை நிகழ்ச்சி ஒன்று உண்டு. விருந்தாளி வந்தால் சிங்க் ஓட்டையில் ஒரு கரண்டி ஆப்ப சோடா போட்டு, மேலே வினிகரை ஊற்றுவார். நுரை புஸ்ஸென்று பொங்கும். "பாத்தீங்களா, அழுக்கெல்லாம் எப்படிக் கதறுது!" கதறுவது அழுக்கு இல்லை. காரமும் அமிலமும் ஒன்றையொன்று தீர்த்துக்கட்டிக்கொள்கின்றன; நுரை அடங்கியதும் மிஞ்சுவது சோடியம் அசிட்டேட் கலந்த தண்ணீர். தனித்தனியாகப் போட்டிருந்தால் சோடா பிசுக்கையும் வினிகர் உப்புக்கறையையும் கவனித்திருக்கும். விருந்தாளி கைதட்டிவிட்டுப் போனபின், சார் மனைவி ரப்பர் பம்பை எடுத்து இரண்டு அழுத்து அழுத்துவார். தண்ணீர் இறங்கும்.

வெள்ளிக்கிழமை மனைவி குத்துவிளக்கு துலக்கும்போது சார் பக்கத்தில் வந்து நின்றார்.

"புளியில டார்டாரிக் ஆசிட் இருக்கு, தெரியுமா? அதுதான் பித்தளைக் கறுப்பைக் கரைக்குது."

"எங்க அம்மாவுக்கு அதெல்லாம் தெரியாதுங்க. விளக்கு பளபளன்னுதான் இருந்துச்சு. கொஞ்சம் நகருங்க, கழுவணும். புளியோட விட்டா பச்சை பூத்துடும்."

பச்சை பூக்கும் விவரம் சாரின் நோட்டில் இல்லை. குக்கரின் அடித் தண்ணீரில் ஒரு துண்டு புளி போட்டால் அலுமினியம் கறுக்காது என்பதையும் அந்த அம்மாள் கல்யாணமான நாளிலிருந்து செய்கிறார். அதைப் போன மாதம்தான் சார் கண்டுபிடித்து, அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் தன் பெயரில் வெளியிட்டார்.

ஆனாலும் மனிதரை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. போர்த் தண்ணீர் வெள்ளை வெள்ளையாகப் பூத்த குழாயில் வினிகர் நனைத்த துணியைக் கட்டி ஒரு மணி நேரம் விட்டு, புதிதுபோல் ஆக்கிக் காட்டினார். நவராத்திரிக்கு முன்னால் வெள்ளிக் குங்குமச்சிமிழ் கரியாகக் கறுத்திருந்தது. பிரியாணி பார்சலோடு வந்த அலுமினியத் தாளைக் கழுவிப் பாத்திரத்தில் விரித்தார்; சிமிழை அதைத் தொடும்படி வைத்தார்; சோடாவும் உப்பும் போட்டுக் கொதிக்கும் தண்ணீரை ஊற்றினார். லேசாக அழுகிய முட்டை நாற்றம் வந்தது. வெள்ளியைப் பிடித்திருந்த கந்தகம் அலுமினியத்தோடு போய்ச் சேர, சில நிமிஷத்தில் சிமிழ் வெளுத்தது. விபூதி போட்டுத் தேய்த்தாலும் வெளுக்கும். தேய்க்கத் தேய்க்க வெள்ளியும் இம்மி இம்மியாகக் கூடவே போகும். இந்த முறையில் வெள்ளி வீட்டிலேயே இருக்கிறது. அன்று சாருக்கு இரண்டாவது டம்ளர் காபி கிடைத்தது.

அந்த உற்சாகத்தில் மறுநாள் பூஜையறை மார்பிளில் எலுமிச்சம்பழத்தைத் தேய்த்தார். குழாயில் படிகிற உப்பும் மார்பிளும் அடிப்படையில் ஒரே சரக்கு, கால்சியம் கார்பனேட். அமிலத்துக்கு இது கறை, இது கல் என்ற பேதம் தெரியாது. பளபளப்பு போய் மங்கிய வட்டங்கள் விழுந்தன. இப்போது அதன்மேல் நிரந்தரமாக ஒரு கோலம் இருக்கிறது, பிளாஸ்டிக் ஸ்டிக்கர்.

வேலைக்கு வரும் அக்காவுக்கு இந்த ஆராய்ச்சியில் நம்பிக்கையில்லை. நுரை வராத எதையும் அவர் மதிப்பதில்லை. "சார், அந்தப் புளிச்ச தண்ணிய நீங்களே வெச்சுக்குங்க. எனக்கு ஒரு சபீனா வாங்கிக் குடுங்க" என்று சொல்லிவிட்டார். சார் பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கரைத்துக் கொடுத்தார். அதில் இருக்கும் சபோனின் நன்றாகவே நுரைக்கும். அக்கா அதைத் தன் தலைமுடிக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சிரிக்கக்கூடாத இடமும் ஒன்று இருக்கிறது. பிளீச்சிங் பவுடர் நல்லது, வினிகர் நல்லது, இரண்டையும் சேர்த்தால் இன்னும் நல்லது என்று சார் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு கணக்குப் போட்டுவிடக் கூடாது. பிளீச்சிங்கோடு எந்த அமிலம் சேர்ந்தாலும் குளோரின் வாயு கிளம்பும். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்பர் அருகே ஜெர்மன் படை எதிரிகள்மீது திறந்துவிட்டது அந்த வாயுவைத்தான். மூச்சடைக்க வைக்கும், நுரையீரலைப் புண்ணாக்கும். எலுமிச்சைச் சாறு, பயோ என்சைம், டாய்லெட் ஆசிட் எல்லாமே இந்தக் கணக்கில் அமிலம்தான். வீட்டில் செய்தது என்பதற்காக வேதியியல் சலுகை காட்டாது.

சாரிடம் இன்னொரு பழக்கம். வடிகட்டிய சரக்கைப் பழைய ஜூஸ் பாட்டிலில் ஊற்றி வைப்பார். மேலே லேபிள் ஒட்ட மாட்டார். எது எதில் இருக்கிறது என்பது அவர் மண்டைக்குள் இருக்கிறதாம். நிறமும் அசல் எலுமிச்சை ஜூஸ்தான். எனவே, தாகமென்று அவர் வீட்டுக்குப் போகிறவர்கள், பிரிட்ஜில் எந்தப் பாட்டிலைத் திறப்பதானாலும் அந்த அம்மாளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் திறக்கவும்.