கஷாய மாப்ளைக்கு ஒரு வார்த்தை

வா மாப்ளே, குந்து. பாட்டில்ல பச்சையா இன்னாது? ஓகோ, குடல் புத்துக்குக் கஷாயமா! வாட்ஸ்அப்புல வந்துச்சா? அப்ப சரி, ஆஸ்பத்திரி அத்தினியும் இழுத்து மூடிட்டு வீட்டுக்கொரு அம்மி குடுத்துரலாம். சர்க்காருக்குச் செலவு மிச்சம்.

செடியில மருந்து இல்லேன்னு நான் சொல்லலடா. பெருங்குடல் புத்துக்கு ஏத்துறாங்களே இரினோடீகன், அதுக்குப் பூர்வீகமே ஒரு சீனத்து மரம்தான். அதுலேர்ந்து கேம்ப்டோதெசின்ங்கிற சரக்க 1966ல பிரிச்சவங்கள்ல ஒருத்தர் நம்ம நாட்டு மன்சுக் வாணி. மேற்குத் தொடர்ச்சி மலை மரத்துலயும் அது இருக்குன்னு 1972ல காட்டினவரு கோவிந்தாச்சாரி, மெட்ராஸ் பிரசிடென்சி காலேஜுல வாத்தியாரா இருந்தவரு. அத்தோட ஆச்சா? மனுசனுக்கு ஏத்திப் பார்த்தா மூத்திரப்பை புண்ணாச்சு, பேதி புடுங்கிச்சு. நிறுத்திட்டான். அப்புறம் ஜப்பான்காரன் அதத் திருத்தி இரினோடீகன் ஆக்கினான். அமெரிக்காவுல குடல் புத்துக்கு அனுமதி கெடைக்கும்போது 1996. முப்பது வருசம்! நீ கெட்டிக்காரன், முந்தாநேத்து படிச்சே, நேத்தே காய்ச்சிட்டே.

பட்டுக்கு ஆதாரம் மல்பெரி இலைதான். கட்டு கட்டா நீ தின்னா, உன் வயித்துலேர்ந்து முகூர்த்தப் புடவை வருமா?

மஞ்சளும் போட்டிருக்கியா? அதுல இருக்கிற குர்குமின் ஆய்வுக்கூடத் தட்டுல புத்து செல்லைக் கொல்லுது, நெசம்தான். வாய்வழியாப் போனா ரத்தத்துல சேர்றது சொற்பம். கொழம்புல போடு, மணக்கும்.

அது கெடக்கட்டும். நாடாவ பாதியில வுட்டுட்டு அடிக்கடி கொல்லைப்பக்கம் ஓடுறியே, எனக்குத் தெரியாதுன்னு நெனப்பா? ரத்தம் போவுதுல்ல? தறிக்குழியில குந்தினா மூலச்சூடுன்னு நீயே தீர்ப்பு எழுதி, துத்திக்கீரைய வதக்கித் தின்னுக்கினு இருக்கே. மூலமாவும் இருக்கலாம். குழாய் வுட்டு உள்ள பார்த்தாதான் தெரியும். கொலோனாஸ்கோப்பின்னு பேரு. சதைமொட்டு இருந்தா, பெரும்பாலும் அப்பவே வெட்டி எடுத்துருவாங்க. அது புத்தா மாற வழியில்ல. வெக்கமா? கோவணத்தோட ஏரியில நீச்சலடிச்சவனுக்கு இப்ப இன்னா வெக்கம்?

அண்ணா நம்ம ஊரு நெசவாளர் வீட்டுப் புள்ள. 1969ல புத்துநோயிலதான் போனாரு. அவர் பேர்ல காரப்பேட்டையில கவர்மெண்டு கேன்சர் ஆஸ்பத்திரியே இருக்குது. நாளைக்குத் தறிய நிறுத்து, நானும் வரேன். இதுவரைக்கும் இன்னா இன்னா குடிச்சேன்னு டாக்டர்கிட்ட ஒண்ணுவிடாம சொல்லிப்புடு. சில பச்சிலை கல்லீரலையும் கெடுக்கும், போடுற மருந்தையும் கெடுக்கும்.