மெயினுக்கு முற்பட்ட காலம்: ஓர் ஆராய்ச்சி

வரலாற்றுக்கு முற்பட்ட காலத்தை ஆராய்ந்தோர் பலர். மெயின் ஃபங்ஷனுக்கு முற்பட்ட காலமோ கேட்பாரற்றுக் கிடக்கிறது. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை.

களம்: சி பிளஸ் பிளஸ். மெயினின் முதல் வரி ஓடுவதற்குள் குளோபல் ஆப்ஜெக்டுகள் பிறந்துவிடும். ஒரே கோப்பில் உள்ளவை எழுதிய வரிசையில் பிறக்கும் என்பது யாவர்க்கும் உடன்பாடு. வெவ்வேறு கோப்புகளில் உள்ளவற்றுள் மூத்தது எது? இலக்கணம் வாய் திறக்கவில்லை. ஆகவே அங்கே லிங்கர் வைத்ததே சட்டம்.

சான்று: லாக்கரின் கன்ஸ்ட்ரக்டர், இன்னொரு கோப்பிலுள்ள கான்ஃபிக்கிடம் லாக் கோப்பின் பெயரைக் கேட்கிறது. கான்ஃபிக் இன்னும் பிறக்கவில்லை. அதன் நினைவிடம் முழுக்கச் சுழியம். பெயர் வெறுமையாக வரலாம். நிரல் மெயினின் முகத்தைக் காணாமலே மாளவும் கூடும்.

மரபுகள்: மூன்று.

இடமாற்றவாதிகள், மேக்ஃபைலில் லாக்கர்.ஓ, கான்ஃபிக்.ஓ இரண்டையும் முன்பின்னாக மாற்றிவைப்பர். பிழை மறையும், கம்பைலர் மாறும் நாளில் திரும்பி வந்தாலும் வரும்.

அனுபூதிவாதிகள், ‘என் மெஷின்ல ஓடுதே’ என்ற ஒரே பிரமாணத்தைக் கொண்டவர்கள். இவர்களோடு வாதிட்டு வென்றார் இலர்.

தாமதவாதிகள், ஆப்ஜெக்டை ஒரு ஃபங்ஷனுக்குள் ஸ்டாட்டிக்காக ஒளித்துவைப்பர். முதன்முதலில் எப்போது அழைக்கப்படுகிறதோ அப்போது பிறந்தால் போதும் என்மனார். ஒரே நேரத்தில் பல த்ரெட்கள் அழைத்தாலும் ஒருமுறையே பிறக்கும் என 2011ஆம் ஆண்டுத் தரநிலை உறுதி தந்தபின் இம்மரபு ஓங்கியது.

மறுப்பு: ‘ஜாவாவில் இத்தொல்லை இல்லை’ என்பர். அங்கே ஒரு கிளாஸுக்குள் வரிசை மேலிருந்து கீழ் என்பது மெய். சிங்கிள்டன் மேல்வரியிலும், அதன் கன்ஸ்ட்ரக்டர் தொடும் ஹேஷ்மேப் கீழ்வரியிலும் இருந்தால்? கன்ஸ்ட்ரக்டர் காண்பது நல். முதல்முறை எக்ஸெப்ஷன்இன்இனிஷியலைசர்எரர், அடுத்தடுத்த முறைகளில் நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட்எரர். கிளாஸ் ஜாருக்குள் பத்திரமாக இருக்க, அதைத் தேடிக் கிளாஸ்பாத்தைச் சல்லடை போட்ட பெருமக்கள் உண்டு.

மீண்டும் சி பிளஸ் பிளஸுக்கு: குளோபல் ஆப்ஜெக்டுகள் இறக்கும் வரிசை பிறந்த வரிசைக்குத் தலைகீழ். அவ்வழக்கு தனி நூலுக்கு உரியது.

முடிபு: தாமதவாதமே சித்தாந்தம். கற்போர் செய்யத்தக்கவை இரண்டு: கன்ஸ்ட்ரக்டருக்குள்ளிருந்து அயல் கோப்பின் குளோபலைத் தொடாதீர், லாகில் முதல் பிழையைப் படிக்குமுன் கடைசிப் பிழையை நம்பாதீர்.